கேள்வி போட்டுப் பழகியாயிற்று, சார்ட் படிக்கத்தான் வரவில்லை

கேள்வி: டெக்சஸில் எல்.வி.என். (ஆர்.என்.னுக்கு அடுத்த நிலை நர்ஸ்) படிப்பை முடித்துவிட்டு, அதற்கான உரிமத் தேர்வான என்க்ளெக்ஸ்-பி.என்.னுக்குத் தயாராகி வருகிறேன். ஆயிரக்கணக்கில் கேள்விகள் போட்டாயிற்று. தனிக் கேள்விகளுக்குப் பதில் வந்துவிடுகிறது. கேஸ் ஸ்டடி, அதாவது ஒரே நோயாளியைப் பற்றித் தொடராக வரும் கேள்விகள் என்றால்தான் திணறுகிறேன். இன்னொரு கேள்வித் தொகுப்பு வாங்கட்டுமா?
- வாசகி, ஹூஸ்டன்

பதில்: வேண்டாம், அந்தக் காசு மிச்சமாகட்டும். கையில் இருப்பவற்றையே வேறு மாதிரி படியுங்கள்.

2023 ஏப்ரலில் தேர்வு மாறியதிலிருந்து மதிப்பெண்ணுக்கு மூன்று கேஸ் ஸ்டடிகள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகள். கண்ணில் பட வேண்டியது எது என்பதில் தொடங்கி, செய்த சிகிச்சை பலித்ததா என்பது வரை அவை வரிசையாகப் போகும். பலர் தடுக்கி விழுவது முதல் படியில்தான்.

கேள்வியையும் விடைகளையும் மறைத்துவிட்டு சார்ட்டை, அதாவது நோயாளியின் பதிவேட்டை மட்டும் பாருங்கள். வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவர் என்று வையுங்கள். 8 மணிக்கு நாடித்துடிப்பு 84, ரத்த அழுத்தம் 126/78. 10 மணிக்கு 102, 112/70. 12 மணிக்கு 118, 98/62. சிறுநீர் மணிக்கு 20 மி.லி. காய்ச்சல் 99.1 டிகிரி, வலி 5, காயத்துக்குப் போட்ட கட்டுத் துணியில் ரத்தக் கசிவு இல்லை. எந்த மூன்றைப் பற்றி உடனே சொல்வீர்கள், ஏன் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வலியும் காய்ச்சலும் கண்ணை இழுக்கும். ஆனால் நாடி ஏறுகிறது, அழுத்தம் இறங்குகிறது, சிறுநீர் குறைந்துவிட்டது. கட்டு உலர்ந்திருப்பதால் உள்ளே ரத்தம் கசியவில்லை என்று ஆகிவிடாது. 10 மணிக் கணக்கை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. மூன்று நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பயம் வரும், வரவும் வேண்டும்.

அடுத்து, உங்கள் பொறுப்பு எதுவரை? நோயாளியை விட்டு நகராமல் ஆர்.என்.னுக்கு (பொறுப்பில் இருக்கும் பதிவு பெற்ற நர்ஸ்) உடனே தகவல் சொல்வது உங்கள் வேலை. வலி மாத்திரை கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பார்க்கலாம் என்ற விடை நியாயமானதுபோலத் தெரியும், மாட்டிக்கொள்ளாதீர்கள். கடைசியாக, எதைப் பார்த்தால் தேறுகிறார் என்பீர்கள் என்றும் எழுதுங்கள்: நாடி இறங்குவது, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யைத் தாண்டுவது. இதெல்லாம் முடிந்த பிறகு விடைகளைத் திறங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கேஸ் போதும். அவசரப்பட்டுப் பத்து போட்டால் பழைய பழக்கம்தான் திரும்பும்.

மதிப்பெண் பற்றியும் ஒன்று. பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடு என்று வந்தால் தவறாகத் தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கழியும். மூன்று சரி, இரண்டு தப்பு என்றால் கையில் ஒன்றுதான். பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்றாலும், சந்தேகமானதையும் சேர்த்துத் தட்டிவிடும் பழக்கம் நஷ்டம்தான். இத்தனை தேர்ந்தெடு என்று எண்ணிக்கை கொடுத்திருந்தால் கழிவு இல்லை. அங்கே ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.