எம்.ஆர்.ஐ. நார்மல். ஆனால் இடுப்புக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது. எஸ்.ஐ. மூட்டுதான் காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என்ன சிகிச்சை?

ஸ்கேன் நார்மல் என்பதால் உங்கள் வலி பொய்யாகிவிடாது. முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பும் இடுப்பெலும்பும் சேரும் இடமே எஸ்.ஐ. (சாக்ரோஇலியாக்) மூட்டு. அது அசைவதே சில டிகிரிதான். ஆகவே "மூட்டு விலகிவிட்டது, தட்டி உட்காரவைக்கிறேன்" என்பவர்களை நம்பாதீர்கள். விரலால் தொட்டு அசைவை அளக்கும் பழைய முறையில் ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போவதில்லை.

இப்போது மூட்டுக்கு அழுத்தம் கொடுத்து, உங்களுக்கு வழக்கமாக வரும் அதே வலி கிளம்புகிறதா என்று பார்க்கிறார்கள். மல்லாந்து படுக்கவைத்து, தொடையைச் செங்குத்தாக நிறுத்தி, முழங்கால் வழியாகக் கீழே அழுத்துவது அதில் ஒன்று. ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. மூன்றிலாவது வலி வந்தால்தான் சந்தேகம் வலுக்கும். அப்போதும் தெளிவில்லை என்றால், எக்ஸ்ரேயில் பார்த்தபடி மூட்டுக்குள் மரப்பு ஊசி போடுவார்கள். வலி பெருமளவு அடங்கினால் காரணம் பெரும்பாலும் அந்த மூட்டுதான்.

45 வயதுக்கு முன்பே தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, காலையில் விறைப்பு, நடந்தால் குறைவது என்றால் உடனே ருமட்டாலஜிஸ்ட்டை (மூட்டு அழற்சி நோய் நிபுணரை) பாருங்கள். அது அழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.

மற்றவர்களுக்கு முதல் சிகிச்சை உடற்பயிற்சி. பிட்டத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் பிசியோதெரபிஸ்ட் துணையோடு பல வாரம் பொறுமையாக வலுப்படுத்த வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இடுப்புப் பட்டை உதவலாம். பிறகுதான் ஸ்டீராய்டு ஊசி, நரம்பைச் சூடாக்கி வலியைத் தடுக்கும் ரேடியோ அலைச் சிகிச்சை. மூட்டை இணைக்கும் அறுவை, இவை எதுவும் பலிக்காத சிலருக்கு மட்டுமே.