கால்சியம் மாத்திரை அம்மாவுக்கா, மகளுக்கா?

கேள்வி: எனக்கு வயது 49. மாதவிடாய் நின்று 2 வருடம் ஆகிறது. இலவச முகாம் ஒன்றில் குதிகாலைக் கருவியில் வைத்துப் பார்த்து, எலும்பு தேய்மானம் என்று சொல்லி கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். 13 வயது மகள் ரொம்ப ஒல்லி. அவளுக்கும் அதையே கொடுக்கலாமா?

பதில்: முதலில் இந்தத் ‘தேய்மானம்’. மூட்டு தேய்வதையும் எலும்பின் அடர்த்தி குறைவதையும் நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். மூட்டு தேய்ந்தால் வலிக்கும். அடர்த்தி குறைந்தால், உடையும் வரை பெரும்பாலும் தெரியாது. ‘நைட்டி எல்லாம் தரையில் புரளுது, டெய்லர் அளவைத் தப்பா எடுத்துட்டார்’ என்றார் என்னிடம் வந்த ஒரு பாட்டி. அளந்தால், பழைய சீட்டில் இருந்ததைவிட உயரம் 4 செ.மீ. குறைவு. முதுகெலும்பு நசுங்கியிருந்தது.

குதிகால் சோதனையை வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது. அதற்கு இடுப்பிலும் முதுகிலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டும். அதில் டி-ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளவயது எலும்போடு உங்கள் எலும்பை ஒப்பிடும் எண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால்தான் ஆஸ்டியோபோரோசிஸ் என்ற எலும்பு அடர்த்திக் குறைவு நோய். உங்கள் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தாலோ, நீங்கள் நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தாலோ தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு வரும் 5 முதல் 7 வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் எலும்பில் 20 சதவீதம் வரைகூடக் கரையலாம்.

எனக்கு உங்களைவிட மகளைப் பற்றித்தான் அதிகக் கவலை. பெரியவளானதும் இருக்கப்போகும் எலும்பில் ஏறக்குறைய கால்வாசி, அவள் மளமளவென்று வளரும் அந்த 2 வருடத்தில் சேர்வது. 18 வயதுக்குள் சுமார் 90 சதவீதம் முடிந்துவிடும். அவளுக்கு மாத்திரை வேண்டாம், சாப்பாடு வேண்டும். தினமும் 1,000 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 350 வரை இருக்கிறது. பால், தயிர், எள்ளுருண்டை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். காலையில் வெறும் காபியோடு டியூஷனுக்கு ஓடுகிறாளா என்று பாருங்கள். அப்புறம், குதிக்கட்டும். ஸ்கிப்பிங், கோ-கோ, எதுவானாலும் சரி. வயதுக்கு வந்த பிறகு 3 மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒல்லி உடம்பில் அது எலும்பையும் பாதிக்கும்.

உங்களுக்குத் தேவை 1,200 மில்லிகிராம். சாப்பாட்டில் எட்டாத மீதிக்கு மட்டும் மாத்திரை, அதுவும் சாப்பிட்டபின். தைராய்டு மாத்திரை எடுப்பவரானால் இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விடுங்கள்.