அமெரிக்கக் கல்லூரிகள் புதிய கால்பந்து அரங்கம் கட்டப் பணம் எங்கிருந்து திரட்டுகின்றன? மாணவர் கட்டணத்தில் கை வைப்பார்களா?

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில் எனக்கு மனப்பாடம்: "பணக்காரப் பழைய மாணவர்கள் அள்ளித் தருவார்கள், மீதியை டிக்கெட்டும் தொலைக்காட்சியும் பார்த்துக்கொள்ளும்." இதையே சொல்லிப் பலரிடம் நான் பணம் கேட்டிருக்கிறேன், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேள்வியைப் பார்த்தால், உங்கள் பிள்ளைக்கு அங்கே ஏதோ ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, கட்டணப் பட்டியலில் விளையாட்டுக்கென்று ஒரு வரி கண்ணை உறுத்தியிருக்கிறது என்று ஊகிக்கிறேன். ஊகம் தப்பென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆம், பல இடங்களில் கை வைப்பார்கள். முதலில் வைக்க மாட்டார்கள். நன்கொடை, இருக்கை உரிமை, பெயர் உரிமை (அரங்கத்துக்குத் தன் பெயரைச் சூட்ட ஒரு நிறுவனம் தரும் பணம்), கடன் பத்திரம் என்று வரிசையாகப் போய், அவற்றில் எது எதிர்பார்த்தபடி வரவில்லையோ அந்த ஓட்டையை அடைக்கும்போது வைப்பார்கள். எனவே யார் பணம் தருகிறார்கள் என்பதைவிட, தருவதாகச் சொன்னவர் தராவிட்டால் யார் ஜாமீன் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

நான் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கட்டடப் பொறியியல் முதுகலை படித்தேன். பெயர் வேண்டாம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவும் வேலை கிடைக்காததால், நன்கொடை கேட்கும் தொலைபேசி மையத்தில் சேர்ந்தேன். மாலை நேரத்தில் வரிசையாக உட்கார்ந்து பழைய மாணவர்களை அழைக்க வேண்டும். திரையில் அவர் படித்த துறை, ஆண்டு, கடைசியாகக் கொடுத்த தொகை எல்லாம் தெரியும். முதலில் பெரிய தொகை கேட்க வேண்டும். மறுத்தால் அதில் பாதி. அதற்கும் மறுத்தால் "உங்களால் முடிந்தது". மூன்று முறை கேட்காமல் போனை வைத்தால் மேற்பார்வையாளர் நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்.

அந்த ஆண்டு புதிய அரங்கத்துக்கான திரட்டு நடந்தது. 'இருக்கை நன்கொடை' என்ற ஏற்பாட்டின் முழு அர்த்தமும் எனக்கு அங்கேதான் புரிந்தது. நல்ல இடத்தில் உட்கார டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. அந்த டிக்கெட்டை வாங்கும் உரிமைக்காக ஆண்டுதோறும் தனியாக நன்கொடை கொடுக்க வேண்டும். புதிய அரங்கம் வந்தால் பழைய இடங்கள் அத்தனையும் செல்லாது. இதுவரை கொடுத்த நன்கொடைக்குப் புள்ளிகள் போட்டு, அதன்படி எல்லோரையும் புதிதாக உட்கார வைப்பார்கள்.

ஒரு பெரியவரை அழைத்தேன். தகப்பனார் காலத்திலிருந்து நடுமைதானத்துக்கு நேராக உட்கார்ந்து பார்த்துவந்த குடும்பம். உரக்கடை வைத்திருந்தவர். "புதிய அரங்கில் என் இடம் எது?" என்று கேட்டார். திரை ஒரு மூலையைக் காட்டியது. பழைய இடத்துக்கு நிகரான இடம் வேண்டுமென்றால் ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் கூடுதலாகத் தர வேண்டும். எனக்குக் கொடுத்திருந்த தாளில் இதற்கு ஒரு பதில் அச்சிட்டிருந்தது: "உங்கள் நீண்டகால ஆதரவை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்." படித்தேன். "தோற்றுக்கொண்டே இருந்த காலத்தில், மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது பல் மருத்துவர்கள் வந்து என் இடத்தில் உட்காரப் போகிறார்கள், அப்படித்தானே?" என்றார். தாளில் அதற்குப் பதில் இல்லை. போனை வைத்துவிட்டார். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, "பின்னர் மீண்டும் அழைக்கவும் என்று குறித்துவை" என்றார்.

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் நூலகத்துக்கென்று ஒரு சிறு தொகை தந்தார். திரண்ட தொகையை எழுதிவைக்கும் வெள்ளைப் பலகை சுவரில் இருந்தது; அன்று அதில் இது ஏறவில்லை. பலகை அரங்கத்துக்கு மட்டும்தான். "உன் கட்டணத்தில் எவ்வளவு விளையாட்டுக்குப் போகிறது, பார்த்திருக்கிறாயா?" என்று அந்த அம்மாள் கேட்டார். அன்றிரவுதான் ரசீதை வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு பருவமும் ஒரு தொகை போயிருந்தது. நான் எவரிடம் அரங்கத்துக்காகக் கை நீட்டினேனோ, அவர்களில் பலரைவிட நானே அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கூத்து, வருமான வரி. அந்தக் காலத்தில் இருக்கை நன்கொடையில் 80 சதவீதத்தை வருமானத்தில் கழித்துக் காட்டலாம். இதையும் போனில் சொல்லச் சொல்வார்கள். அதாவது நடுமைதானத்து இருக்கைக்கு நாட்டின் வரிப்பணமும் ஒரு பங்கு போட்டது. 2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச் சட்டம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. ஆனால் அரசுப் பல்கலைக்கழகம் வெளியிடும் கடன் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய வருமான வரி இல்லை என்ற சலுகை இன்னும் இருக்கிறது. குறைந்த வட்டியில் கடன் கிடைப்பதன் ரகசியம் அதுதான். பத்திரம் வாங்குபவர் அணி ஜெயிக்குமா என்று பார்ப்பதில்லை. பல இடங்களில் அந்தக் கடனுக்குப் பல்கலைக்கழகத்தின் பொது வருமானமே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் கடன் தருகிறார்.

இதற்குப் பெர்க்கிலியைவிட நல்ல பாடம் கிடையாது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்து நினைவு அரங்கம் 1923இல் கட்டப்பட்டது. நிலநடுக்கம் கொண்டுவரக்கூடிய ஹேவர்ட் நிலப்பிளவு அதன் அடியிலேயே ஓடுகிறது. புதுப்பிக்காமல் முடியாது. (பக்கத்தில் பயிற்சி மையம் கட்ட ஓக் மரங்களை வெட்டக் கூடாதென்று 2006 டிசம்பர் முதல் 2008 செப்டம்பர் வரை மரத்தின் மேலேயே குடியிருந்து போராடினார்கள். அது தனிக் கதை.) அரங்கத்துக்கு மட்டும் 32 கோடி டாலருக்கு மேல், பயிற்சி மையத்தையும் சேர்த்தால் 47 கோடியைத் தொடும். இதற்கு அவர்கள் போட்ட திட்டம் தாளில் மிக அழகானது: சுமார் 3,000 நல்ல இருக்கைகளின் உரிமையை 40, 50 ஆண்டுகளுக்கு விற்பது, இருக்கை ஒன்றுக்கு 40,000 டாலரில் தொடங்கி 2 லட்சத்துக்கும் மேல். வரும் பணத்தை முதலீடு செய்து, அதன் வருமானத்தில் கடனைக் கட்டுவது. விற்பனை தொடங்கிய நேரமோ 2008 நிதி நெருக்கடி. எதிர்பார்த்த தொகை வரவில்லை. சுமார் 44.5 கோடி டாலர் கடன் நின்றது. முதல் இருபது ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் வட்டி மட்டும், அதுவே ஆண்டுக்கு 1.8 கோடி டாலர் அளவில். அடைத்து முடிப்பது அடுத்த நூற்றாண்டில். கடைசியில் அந்தக் கடனில் பாதிக்கும் மேல் விளையாட்டுத் துறையின் தோளிலிருந்து வளாகத்தின் பொதுக் கணக்குக்கு மாறியது. ஜாமீன் யார் என்று தெரிந்துவிட்டதல்லவா?

அதே மைதானத்தின் பெயர் உரிமையையும் விற்றார்கள். 2013இல் கபாம் என்ற விளையாட்டுச் செயலி நிறுவனம், 15 ஆண்டுகளுக்கு 1.8 கோடி டாலர் என்று ஒப்பந்தம். சில ஆண்டுகளில் அந்தப் பெயர் போய்விட்டது. 2021இல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை நிறுவனம் வந்தது, 10 ஆண்டுகளுக்கு 1.75 கோடி, அதுவும் கிரிப்டோ நாணயத்தில். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் திவாலாகி, மைதானத்திலிருந்து அந்தப் பெயரையும் அழித்தார்கள். நோபல் பரிசு பெற்றவர்களுக்கு வண்டி நிறுத்தத் தனி இடம் ஒதுக்கிவைத்திருக்கும் பல்கலைக்கழகம் இது.

ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போனது. எண்ணெய்ப் பணக்காரர் பூன் பிக்கன்ஸ் 2005 இறுதியில் விளையாட்டுத் துறைக்கு 16.5 கோடி டாலர் தந்தார். அந்தப் பணம் அவருடைய முதலீட்டு நிதியிலேயே போடப்பட்டது. 2008 சரிவு அதையும் விடவில்லை. அதற்கு முன் 2007இல், 65 முதல் 85 வயது வரையிலான 27 ஆதரவாளர்கள் பெயரில் தலைக்கு 1 கோடி டாலர் ஆயுள் காப்பீடு எடுத்தார்கள். அவர்கள் காலமானால் பணம் விளையாட்டுத் துறைக்கு. திட்டம் நடந்த காலத்தில் 27 பேரும் நலமாக இருந்தார்கள். சுமார் 3.3 கோடி டாலர் பிரீமியம் போனதுதான் மிச்சம். வழக்குப் போட்டார்கள், அதிலும் தோற்றார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் காதில் இது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். மாணவர் கட்டணம் என்பது ஊர்க்கொடைக்குப் போடும் தலைக்கட்டு வரி மாதிரிதான். சாமி கும்பிடாதவனும் கட்ட வேண்டும். ஆனால் ஊரில் வரி கொடுத்தவன் அடுத்த வருஷமும் அங்கேயே இருப்பான், கணக்குக் கேட்பான். மாணவன் இரண்டு, நான்கு ஆண்டுகளில் போய்விடுகிறான். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2012இல் மாணவர்களிடமே வாக்கெடுத்தார்கள். பருவத்துக்கு 45 டாலர் கட்டணத்துக்குப் பெரும்பான்மை ஆதரவு கிடைத்தது. அரங்கம் திறந்தது 2014இல். வாக்களித்த மூத்த மாணவர்களில் பலர் அதற்குள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள்; கட்டுபவர்கள் அப்போது பள்ளியில் இருந்த பிள்ளைகள். ஆனாலும் கேட்டார்கள் என்பதை மறுக்க மாட்டேன். எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

மின்னசோட்டாவில் நியாயமாகப் பங்கு பிரித்தார்கள் என்று சொல்வேன். 2009இல் திறந்த அரங்கத்துக்கு மாநில அரசு 25 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 1.025 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. பதிலுக்குப் பல்கலைக்கழகத்தின் 2,840 ஏக்கர் நிலத்தைப் பின்னாளில் மாநிலத்துக்குத் தருவதாக ஏற்பாடு. டிசிஎஃப் வங்கி பெயர் உரிமைக்கு 3.5 கோடி. ஷாக்கோபி பழங்குடிச் சமூகம் 1.25 கோடி, அதில் ஒரு பகுதி மாணவர் உதவித்தொகைக்கு. மாணவர் பங்கு ஆண்டுக்கு 25 டாலர். பின்பு அந்த வங்கி ஹன்டிங்டனோடு இணைந்ததால் 2021இல் பெயர்ப்பலகை மாறியது, அவ்வளவுதான்.

இந்நேரம் ஒருவர், "விளையாட்டு மேல் உனக்கு என்ன பகை? பெரிய பல்கலைக்கழகங்கள் லாபத்தில்தானே ஓடுகின்றன?" என்று எழுதத் தொடங்கியிருப்பார். பகை இல்லை. எனக்கு மிகவும் பிடித்த அரங்கமே மிச்சிகனுடையது. 1927இல் அங்கே விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்த ஃபீல்டிங் யோஸ்ட் அதைக் கட்டியபோது, 500 டாலர் பத்திரங்கள் 3,000 வெளியிட்டார்; வாங்கியவர்களுக்கு வட்டியும் உண்டு, நல்ல இடத்தில் டிக்கெட் வாங்கும் முன்னுரிமையும் பத்தாண்டுக்கு உண்டு. பார்க்க வருபவனே கடன் தருகிறான். இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேல் உட்காரலாம். நார்த்வெஸ்டர்ன் போன்ற தனியார் பல்கலைக்கழகத்துக்கு ரயன் குடும்பம் 2021இல் 48 கோடி டாலர் நன்கொடை அறிவித்தது, ஆராய்ச்சிக்கும் அரங்கத்துக்குமாக. அங்கே தகராறு பணத்தைப் பற்றியது அல்ல, இசைக் கச்சேரிச் சத்தத்தைப் பற்றியது. இப்படிப்பட்டவர்களை விட்டுவிடுங்கள். ஒரு லட்சம் பேர் வரும் ஊரின் கணக்கை, பாதி இருக்கை காலியாகக் கிடக்கும் ஊரில் போட்டுப் பார்ப்பதுதான் என் புகார்.

சரி, இன்னொரு புகாரையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. கான்கிரீட் உருளைகளை 28ஆம் நாள் ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும். 28ஆம் நாள் சனிக்கிழமை விழுந்தால், கான்கிரீட்டுக்கு ஆட்டம் இருக்கிறதென்று தெரியாது. ஆண்டு முழுவதற்கும் பணம் கட்டி வாங்கிய வண்டி நிறுத்த அட்டையின் பின்னால், "ஆட்ட நாட்களில் செல்லாது" என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். சோதனையை முடித்து வெளியே வந்தால் என் கார் இல்லை. அந்த இடத்தில் ஒரு நன்கொடையாளர் கூடாரம் போட்டு இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். இழுத்துப் போன வண்டியை மீட்க நான் கொடுத்த பணம் அந்த மாதத்து மளிகைச் செலவைவிட அதிகம். நல்ல மனிதர், எனக்கும் ஒரு தட்டு நீட்டினார். நான் சைவம்.

உங்களுக்குச் செய்ய முடிந்தவை இவை. கட்டணப் பட்டியலில் விளையாட்டுக் கட்டணம் தனியாக இருக்கிறதா, 'வளாக வசதி', 'மாணவர் வாழ்க்கை' போன்ற பெயர்களுக்குள் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். அரங்கக் கடனுக்கென்று தனித் தொகை உண்டா, எந்த ஆண்டு வரை என்று கட்டணப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் பதில் வரும். அரசுப் பல்கலைக்கழகத்தின் வரவுசெலவு பொது ஆவணம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கே பங்கு தரலாம், 2025-26 கல்வியாண்டுக்கு மொத்தம் 2.05 கோடி டாலர் வரை, என்று ஆகியிருக்கிறது. அதனால் பல விளையாட்டுத் துறைகளில் கை கடிக்கிறது. இந்தக் கட்டணம் அடுத்த ஆண்டு ஏறுமா என்றும் சேர்த்தே கேளுங்கள். தள்ளுபடி பெரும்பாலும் கிடைக்காது. இணையவழியில் மட்டும் படிப்பவர்களுக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு. மாணவர் டிக்கெட் அந்தக் கட்டணத்திலேயே அடங்கியிருந்தால், உங்கள் பிள்ளை ஓர் ஆட்டமாவது போய்ப் பார்த்துவிடட்டும். பணம் எப்படியும் கட்டியாகிவிட்டது.