டாக்டரிடம் கஞ்சாவைச் சொல்லலாமா?

தம்பி, ஒலான்சபின் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடும் நீங்கள், வாரம் நாலு நாள் கஞ்சா இழுப்பதை ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னால் போலீசுக்கும் அப்பாவுக்கும் தெரிந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவுப்படி உங்கள் சிகிச்சை விவரம் இரகசியம். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு மாதிரி சில விலக்குகள்தான் உண்டு.

மறைத்தால்தான் சிக்கல். பீடிப்புகை, கஞ்சாப்புகை இரண்டுமே கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டி ஒலான்சபினைச் சீக்கிரம் கழித்துவிடும். மாத்திரை கேட்கவில்லையென்று டாக்டர் அளவைக் கூட்டுவார். அப்புறம் திடீரென்று புகையை விட்டால் அதே அளவு மிஞ்சிப்போய் தூக்கம், தள்ளாட்டம் வரும். கஞ்சாவை விட்ட முதல் வாரத்தில் வரும் தூக்கமின்மையும் எரிச்சலும் நோய் திரும்பியதுபோலவே தெரியும்; கஞ்சா விஷயம் தெரியாத டாக்டர் வேறென்ன நினைப்பார்?

ஓ.பி. கூட்டத்தில் வாய் வராது, சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வயதில் ஆரம்பம், வாரத்துக்கு எத்தனை தடவை, கடைசியாக என்றைக்கு, புகையிலை கலந்தா, இழுத்தபின் சந்தேகமோ குரலோ வருகிறதா. அப்பா கூட வந்தால், "அஞ்சு நிமிசம் தனியா பேசணும் டாக்டர்" என்றால் போதும். பொட்டலத்தை மட்டும் பையில் கொண்டுபோகாதீர்கள். அதற்கு 23ஆம் பிரிவு காவல் நிற்காது. அதுவரை யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.