செவிலியருக்கான விருதுப் பரிந்துரை ஏன் திரும்பியது?
வணக்கம். உங்கள் நோய்த்தணிப்புப் பிரிவுச் (கடும் நோயாளிகளின் வலியையும் அவதியையும் குறைக்கும் பிரிவு) செவிலியரை மண்டல விருதுக்குப் பரிந்துரைத்தும் "சான்று போதாது" என்று திரும்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். "அன்பானவர், அர்ப்பணிப்புள்ளவர்" என்பதை நடுவர்கள் எல்லா விண்ணப்பத்திலும் படிக்கிறார்கள். அவர் எதை மாற்றினார் என்று எழுதுங்கள். வலியை 0 முதல் 10 வரை ஒவ்வொரு ஷிஃப்டிலும் குறிக்க வைத்தாரா? வலி மருந்தான மார்ஃபின் மலச்சிக்கல் தரும் என்பதால், அதைத் தொடங்கும்போதே மலமிளக்கியும் சேர்கிறதா என்று கவனித்தாரா? இரவில் வலி கூடினால் வீட்டார் யாரை அழைப்பது என்று ஏற்பாடு செய்தாரா? முன்பு எப்படி, பின்பு எப்படி என்பதைப் பதிவேட்டிலிருந்து எண்ணி எடுங்கள்.

விண்ணப்பத்தில் நோயாளியின் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ஊர், நோய், தேதி மூன்றும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். குடும்பத்தாரின் கடிதத்தை எழுத்துச் சம்மதத்தோடு இணையுங்கள், ஆனால் இழப்பு நேர்ந்த முதல் வாரங்களில் கேட்காதீர்கள். பரிந்துரையில் என்ன எழுதுகிறீர்கள் என்று செவிலியரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். குழுவாகச் செய்ததை அவர் ஒருவர் பெயரில் எழுதினால் அவருக்குத்தான் சங்கடம்.