கப்பின் அடியில் ஒரு முகம்: வாசகர் கேள்வி பதில்

கே: அம்மம்மாவின் ஜப்பான் தேநீர்க் கப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடியில் ஒரு பெண்ணின் முகம் தெரிகிறது. இறக்கினால் மறைந்துவிடுகிறது. படம் ஒட்டியிருக்கிறார்களா?
– வாசகி, கல்லடி

ப: ஒட்டவுமில்லை, தீட்டவுமில்லை. பீங்கானின் தடிப்பு வித்தியாசம்தான் அந்த முகம். அடித்தட்டை மேடுபள்ளமாக அச்சில் அழுத்திச் சுட்டிருக்கிறார்கள். மெல்லிய இடம் வெளிச்சத்தை விடுவதால் கன்னம் வெளுக்கும். தடித்த இடம் மறிப்பதால் கொண்டை கறுக்கும். லித்தோபேன் என்பார்கள். 1827இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற வித்தை. ஜப்பானியர் அதில் கெய்ஷாவின் (விருந்துகளில் ஆடிப் பாடும் ஜப்பானியக் கலைஞியின்) முகத்தை வைத்தார்கள்.

அறையை இருட்டாக்கி, போன் டோர்ச்சை அடியில் பிடித்து, வாய்ப்பக்கத்தால் உள்ளே பாருங்கள். டோர்ச்சை அணைத்து அறை விளக்கைப் போட்ட பிறகும் முகம் நிறத்தோடு தெரிந்தால் அது அச்சுப்படம், லித்தோபேன் அல்ல. அதே வெளிச்சத்தில் மயிர்க்கோடு போன்ற வெடிப்பையும் தேடுங்கள். தேயிலைச் சாயம் ஊறியிருந்தால் கோடு கபில நிறமாக இருக்கும். கைப்பிடியை விரலில் தொங்கவிட்டு விளிம்பை நகத்தால் தட்டினால், நல்ல கப் மணிபோல ஒலிக்கும். வெடித்தது மொத்தென்று அடங்கிவிடும். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச்சில் திட்டுத் திட்டாக வேறு நிறம் மின்னினால், பசை வைத்துத் திருத்தியிருக்கக்கூடும்.

வெளியே கைக்குத் தட்டுப்படும் டிராகன் உண்டா? மருதோன்றிக் கோன் பிழிவதுபோல மண்கூழைப் பிழிந்து வரைந்தது, பெயர் மொரியாகே. நகமும் கொம்பும்தான் முதலில் உதிரும். வாங்கும்போது அங்கே விரலை ஓடவிடுங்கள்.

கே: அடியில் ‘நிப்பொன்’ என்றிருந்தால்தான் பழையதா?
– வாசகர், அக்கரைப்பற்று

ப: 1891 முதல் அமெரிக்காவுக்குப் போகும் சாமானில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது அங்குள்ள சட்டம். 1921 வரை ‘நிப்பொன்’ (ஜப்பானியர் தம் நாட்டைச் சொல்லும் பெயர்), பிறகு ‘ஜப்பான்’. ‘மேட் இன் ஒக்கியுபைட் ஜப்பான்’ (ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது) என்பது இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952இல் அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு முடியும் வரையான காலத்தது. இது அமெரிக்கச் சந்தையின் ஒழுங்கு. இலங்கைக்கு வந்த சாமானில் அதையே எதிர்பார்க்காதீர்கள். முத்திரையைப் போலியாகக் குத்துவதும் எளிது. ஆகவே முதலில் பீங்கானைப் பாருங்கள், முத்திரை பிறகு. நொரிடாக்கே என்ற ஜப்பானியக் கம்பனிப் பெயரைக் கண்டதும் ஜப்பான் என்று முடிவுகட்ட வேண்டாம். அடியில் ‘ஸ்ரீலங்கா’ என்றிருந்தால் அது நம் மாத்தளையில் செய்தது.

கே: எப்படிக் கழுவுவது?
– வாசகி, காத்தான்குடி

ப: பிளாஸ்டிக் பேசினில் துவாய் விரித்து, இளஞ்சூட்டு நீரில் ஒவ்வொன்றாக. ஸ்கொரர், பிளீச், வினாகிரி எதுவும் வேண்டாம். பொன் விளிம்பு போய்விடும். மைக்ரோவேவிலும் வைக்காதீர்கள், பொன்கோடு பொறி பறக்கும். உப்புள்ள கிணற்று நீரில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படலம் படியும். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில் செய்து உடனே துடையுங்கள். குளிர்ந்த கப்பில் கொதிநீர் ஊற்றினால் அந்த மெல்லிய அடித்தட்டு வெடிக்கக்கூடும். பழைய மேற்பூச்சு நிறங்களில் ஈயம் இருக்கலாம், புளிப்பு அதைக் கரைக்கும். எலுமிச்சைத் தேநீரை வேறு கப்பில் குடியுங்கள்.