பாம்பு கேள்வி பதில்: கன்னங்குறிச்சி முதல் ஏற்காடு வரை

கேள்வி: ஐயா, பக்கத்து மனையைச் சுத்தம் செய்ததிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சாரை வருகிறது. என்ன செய்வது? (கன்னங்குறிச்சி, சேலம்)

பதில்: அம்மா, புதரும் பொந்தும் போய்விட்டதால் எலி உங்கள் பக்கம் வந்திருக்கிறது, பின்னாலேயே சாரையும் வந்திருக்கிறது. அதற்கு விஷம் இல்லை, அடிக்காதீர்கள். குப்பையையும் செங்கல் குவியலையும் அகற்றுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் வாசலில் கால் வைக்காதீர்கள்.

கேள்வி: சிறியாநங்கை வளர்த்தால் பாம்பு வராதா?

பதில்: வரும்.

கேள்வி: பூண்டுக் கரைசல்?

பதில்: அதற்கும் வரும். கதவடி இடுக்கை அடையுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டம் கொத்தும்போது மண்புழு போன்ற, வால் மழுங்கிய பாம்பு கிடைத்தது. விஷமா?

பதில்: இல்லவே இல்லை. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்! நீங்கள் சொல்வது மண்ணுக்குள் வாழும் கேடயவாலன் இனமாக இருக்கும். வால் நுனி சொரசொரப்பாக, மண் ஒட்டியபடி இருக்கும்; வளையில் நுழைந்ததும் பின்னால் அதுவே மூடி. மண்புழு தின்னும், குட்டி போடும். அதில் ஓர் இனத்தை 1863-இல் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் பெட்டோம் இந்தச் சேர்வராயன் மலையிலிருந்துதான் உலகுக்கு விவரித்தார். நிழல் மரத்தை வெட்டி, இயந்திரத்தால் சரிவைச் சீவி விடுதி கட்டினால் ஈர மண் காய்ந்துவிடும். அந்தப் பாம்புக்கு வேறு போக்கிடம் கிடையாது. கிடைத்த இடத்திலேயே இலைச்சருகுக்கு அடியில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் பிடித்த பாம்பை ஏற்காட்டில் விடுவதுதானே நல்லது? (கருப்பூர்)

பதில்: கூடாது அண்ணா. சமவெளிப் பாம்பை 1,500 மீட்டர் உயரக் குளிரில் விட்டால் அது எப்படிப் பிழைக்கும்?

மறுகேள்வி: அப்படியானால் அடிவாரக் காட்டில் விடலாமே? காடு காடுதானே!

பதில்: காடு எல்லாம் ஒன்றல்ல. தன் இடத்தில் எந்தப் பொந்தில் ஒதுங்கலாம், எங்கே இரை கிடைக்கும் என்று அதற்குத் தெரியும். கர்நாடகத்தின் ஆகும்பேயில் ரேடியோ கருவி பொருத்திக் கண்காணித்த ராஜநாகங்களில், இடம் மாற்றி விடப்பட்டது நெடுந்தூரம் அலைந்தது. உங்கள் ஊர்ப் பாம்புக்கு உங்கள் ஊர் ஏரிக்கரையும் ஓடைப்புதரும்தான் காடு. மனை பிரிக்கும்போது அந்த ஓரத்தை விட்டுவைக்கச் சொல்லுங்கள். பிடிப்பதை வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ விடுங்கள்; அருகிலேயே விடும்படி கேளுங்கள்.

மறுகேள்வி: குழந்தைகள் இருக்கும் தெருவில் நாகத்தை அருகில் விடுவதா?

பதில்: தெருவில் அல்ல, ஏரிக்கரையில். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நாகத்தை அகற்றினாலும் எலி இருக்கும் வரை அந்த இடத்துக்கு இன்னொன்று வரும்.

கேள்வி: கட்டுவிரியன் கடித்தால் வலிக்குமா?

பதில்: பெரும்பாலும் வலிக்காது, ஆபத்தே அதுதான். தரையில் படுத்தவர் நள்ளிரவில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தொங்கினால் உடனே 108. கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். கடிபடாமல் இருக்கக் கட்டில், கொசுவலை, டார்ச்.

கேள்வி: பெருங்காயம் தெளித்தால் பாம்பு ஓடுமா?

பதில்: பூண்டுக்குச் சொன்னதே.

கேள்வி: மண்ணுளிப் பாம்பு லட்சக்கணக்கில் விலை போகுமாமே?

பதில்: மோசடி. பிடித்தாலே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். விலை பேசுகிறவரைப் பற்றி வனத்துறைக்குச் சொல்லுங்கள்.